பால் பத்தவில்லை, டாக்டர்

நேயர்களுக்கு வணக்கம். குழந்தை மருத்துவராக நான் அதிகம் கேட்ட வாக்கியம், "பால் பத்தவில்லை, டாக்டர்." உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் பாட்டி.

படித்து வந்த புதிதில், தாய்ப்பாலில் என்னென்ன சத்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் ஒரு குழந்தை பால் குடிப்பதை ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்ததில்லை. பரீட்சையில் யாரும் அதைக் கேட்கவில்லையே!

ஒருநாள் வார்டில், பிரசவமாகி மூன்று நாளான பெண் அழுதுகொண்டிருந்தாள். காம்பில் வெடிப்பு. பவுடர் பால் எழுதச் சீட்டை எடுத்துவிட்டேன். "கொஞ்சம் இருங்க சார்" என்றார் ஆயாம்மா. அவளை நன்றாகச் சாய்ந்து உட்காரவைத்தார். பிள்ளையின் வயிறு அம்மா வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். வாய் 'ஆ'வென்று திறக்கும்வரை காத்திருந்தார். ஆமாம், காத்திருந்தார். எனக்கு வராத வித்தை அது. பிறகு சட்டென்று அணைத்தார். காம்போடு கருவட்டமும் வாய்க்குள் போனது. கொஞ்ச நேரத்தில் விழுங்கும் சத்தம் கேட்டது. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஆயாம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அது அவர் காட்டிய மரியாதை.

அதனால்தான் இளம் மருத்துவர்களிடம் ஓயாமல் சொல்கிறேன்: எழுதுவதற்கு முன் பாருங்கள். முதல் நாள் குழந்தை ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் குடிக்கும், சீம்பால் தாராளம். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையத்தான் செய்யும். பாட்டி பதறலாம், டாக்டர் பதறலாமா? பதறிப் பவுடர் கொடுத்தால் பிள்ளை சப்புவது குறையும். சப்பினால்தானே சுரக்கும்? கடைசியில் 'பத்தவில்லை' என்பது நிஜமாகிவிடும்.

பவுடர் கம்பெனிகள் மருத்துவருக்குப் பரிசு தருவதை நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பொறுமையைச் சட்டத்தால் தர முடியாது. தாய்ப்பாலூட்டல் வெற்றி பெற மருத்துவமனைகள் செய்யவேண்டியவை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்து, 2018-இல் திருத்திய பத்துப் படிகளில் இரண்டாவது, ஊழியர்களுக்கு இதில் அறிவோடு திறமையும் வேண்டும் என்கிறது. ஆக, கை பழகவேண்டும். எழுதுவதற்கு முன் பாருங்கள். மறுபடியும் சொல்லிவிட்டேன், பரவாயில்லை.

அப்புறம், பிள்ளை பெற்று ஒரு சில மாதத்தில் நைட் டியூட்டிக்குத் திரும்பும் பெண் மருத்துவர்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று சொல்லிவிட்டு, தாங்கள் பால் பீய்ச்ச ஒரு கதவுள்ள அறை தேடுகிறார்கள். ஒரு அறை, ஒரு ஃபிரிட்ஜ், அரை மணி நேரம்... ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரமாகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். சரி, வணக்கம்.