காட்சியைப் பதியலாம், பார்வையைப் பதிய முடியுமா?

[திரையில்: நீலம் படர்ந்த ஒரு பவளத்திட்டு. கேமரா அதன் மேல் மெதுவாக நகர்கிறது.]

கடலுக்கடியில் எடுத்த வீடியோ என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எல்லாமே நீலம், அங்கங்கே கொஞ்சம் பச்சை. சூரிய ஒளியில் உள்ள சிவப்பின் பெரும்பகுதியை முதல் 10 மீட்டருக்குள்ளேயே தண்ணீர் உறிஞ்சிவிடுகிறது. அதற்குக் கீழே கேமராவுக்குக் கிடைப்பது மீதி வெளிச்சம்தான்.

அதே இடத்தில் நீந்திய டைவரிடம் இந்த வீடியோவைக் காட்டிப் பாருங்கள். "நான் பார்த்தபோது இவ்வளவு நீலமாக இல்லையே" என்று சொல்லக்கூடும். அவர் சொல்வது உண்மைதான். கண்ணுக்குள் வரும் ஒளியை மூளை அப்படியே வாங்கி வைத்துக்கொள்வதில்லை. சுற்றிலும் படர்ந்திருக்கும் சாயலை ஓரளவு கழித்துவிட்டு, பொருளின் நிறம் இன்னதாக இருக்கும் என்று கணிக்கிறது. கேமரா பதிந்தது அங்கே இருந்த ஒளியை. டைவர் பார்த்தது அவர் மூளை செய்த கணிப்பை.

அந்தக் கணிப்பைப் பதிவு செய்ய முடியுமா? ஒருவர் கடலுக்கடியில் உணர்ந்ததை இன்னொருவர் கரையில் உட்கார்ந்து உணர முடியுமா? இதைப் பேச மூன்று வரலாறுகள் வேண்டும்: கடலடி வீடுகள், மெய்நிகர் காட்சி என்கிற வி.ஆர்., மூளையைப் படிக்கும் முயற்சிகள். முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பிறந்தவை.

[திரையில்: 1962]

1962 ஆகஸ்ட் மாதம் மார்ட்டன் ஹெய்லிக் என்ற அமெரிக்கர் சென்சோரமா என்ற இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு இருக்கை, முகத்தை உள்ளே வைத்துப் பார்க்க ஒரு கூடு. அதில் புரூக்ளின் தெருக்களில் மோட்டார் சைக்கிள் ஓடும். படம் முப்பரிமாணத்தில் தெரியும், இருக்கை அதிரும், முகத்தில் காற்று அடிக்கும், தெருவின் வாசனைகூட வரும். இன்றைய வி.ஆர். ஹெட்செட்டின் மூதாதை என்று இதைத்தான் பலரும் சொல்வார்கள். முதலீடு செய்ய ஆள் கிடைக்காமல் அந்த முயற்சி அப்படியே நின்றுபோனது.

அடுத்த மாதமே, பிரான்சின் தென்கரையில் மனிதர்கள் கடலுக்கடியில் குடியேறினார்கள். ராபர்ட் ஸ்டெனுயி என்ற பெல்ஜியக்காரர், அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எட்வின் லிங்க் வடிவமைத்த ஓர் அலுமினிய உருளையில் 61 மீட்டர் ஆழத்தில் ஒரு நாளுக்கு மேல் தங்கினார். சில நாள் கழித்து மார்செய் நகருக்கு அருகே, பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ழாக் கூஸ்தோவின் குழுவைச் சேர்ந்த அல்பேர் ஃபால்கோவும் க்ளோத் வெஸ்லியும் 10 மீட்டர் ஆழத்தில் ஒரு வாரம் வாழ்ந்தார்கள்.

எதற்காக அங்கேயே தங்க வேண்டும்? இறங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்தால் போதாதா?

இங்கே ஒரு உடலியல் கணக்கு இருக்கிறது. ஆழத்தில் அழுத்தம் அதிகம். அதனால் நாம் சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துகொண்டே போகும். சட்டென்று மேலே வந்தால், மூடி திறந்த சோடா பாட்டிலைப் போல உடம்புக்குள் குமிழிகள் கிளம்பும். மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம், மரணம் வரை போகும். எவ்வளவு நேரம் கீழே இருந்தோமோ, அதற்கேற்ப மேலே வரும் நேரத்தையும் நீட்டிக்கொண்டே போக வேண்டும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. சுமார் ஒரு நாளில் உடல் அந்த ஆழத்தில் ஏற்கக்கூடிய வாயுவை முழுவதுமாக ஏற்றுவிடும். அதற்குப் பிறகு ஒரு வாரம் இருந்தாலும் சரி, ஒரு மாதம் இருந்தாலும் சரி, மேலே வர ஆகும் நேரம் ஒன்றுதான். அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஜார்ஜ் பாண்ட் இதை வைத்துத்தான் சீலேப் என்ற கடலடி வீட்டுத் திட்டத்தைக் கட்டினார். கடலடி வீடு என்ற யோசனைக்கே இதுதான் அடித்தளம்.

இன்றும் புளோரிடாவின் கீ லார்கோ அருகே, சுமார் 19 மீட்டர் ஆழத்தில் அக்வேரியஸ் என்ற கடலடி ஆய்வகம் இருக்கிறது. புளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது. அங்கே தங்குபவர்கள் தினமும் பல மணி நேரம் வெளியே நீந்தி வேலை பார்க்கலாம். வீடு திரும்பத்தான் அவசரப்பட முடியாது. அழுத்தத்தைக் குறைத்து உடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மட்டும் சுமார் 17 மணி நேரம் ஆகும்.

[திரையில்: விர்ஜின் தீவுகளின் வரைபடம். செயின்ட் ஜான் தீவு பெரிதாகிறது.]

இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது டெக்டைட் என்ற கடலடி வீட்டுத் திட்டம். 1969-இல் கரீபியன் கடலில் உள்ள விர்ஜின் தீவுகளின் லேமஷூர் விரிகுடாவில் நான்கு விஞ்ஞானிகள் சுமார் இரண்டு மாதம் கடலுக்கடியில் வாழ்ந்தார்கள். அடுத்த ஆண்டு கடல் உயிரியலாளர் சில்வியா எர்ல் தலைமையில் பெண்கள் மட்டுமே கொண்ட குழு ஒன்று இரண்டு வாரம் தங்கியது. அந்த விஞ்ஞானிகள் மீன்களைப் பார்த்தார்கள். விஞ்ஞானிகளை வேறு சிலர் பார்த்தார்கள். வீட்டுக்குள் கேமராக்களும் ஒலிவாங்கிகளும் இருந்தன. யார் தூங்குகிறார், யார் யாரோடு பேசுகிறார், யார் வேலை செய்கிறார் என்று கரையில் உட்கார்ந்து இரவு பகலாகக் குறித்துக்கொண்டே இருந்தார்கள். மூடிய இடத்தில் சிறு குழு எப்படி நடந்துகொள்ளும் என்பது நாசாவுக்கு விண்வெளிப் பயணத்துக்காகத் தேவைப்பட்டது. உளவியலாளர் ராபர்ட் ஹெல்ம்ரைக் இந்த ஆய்வுகளில் முக்கியமானவர். விமானிகள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொண்டால் விபத்து குறையும் என்ற ஆய்வில் பிற்பாடு பெயர் பெற்றவரும் அவர்தான்.

அந்தப் பதிவுகள் மிக உழைத்துச் சேர்த்தவை. ஆனால் அவை எல்லாமே வெளியிலிருந்து எடுத்தவை. சில்வியா எர்ல் எத்தனை மணி நேரம் தண்ணீரில் இருந்தார் என்பதை அவை சொல்லும். விடியும் நேரத்தில் மீன்கள் இடம் மாறுவதை அவர் பார்த்தபோது அவருக்கு அது எப்படி இருந்தது என்பதைச் சொல்லாது.

சரி, தண்ணீருக்குள் நம் புலன்களுக்கு என்னதான் நடக்கிறது?

முகக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், பக்கத்திலும் தெரியும். கண்ணாடிக்கு அப்பால் தண்ணீர், இப்பால் காற்று. ஒளி வளைவதால் இந்த மாற்றம். புதிதாக இறங்குபவர் பொருளை எடுக்கக் கை நீட்டினால் அது இன்னும் தள்ளியிருக்கும். போகப்போக மூளை திருத்திக்கொள்ளும். ஒலியும் குழப்பும். காற்றில் நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, தண்ணீரில் சுமார் 1500 மீட்டர் போகும். இரண்டு காதுகளுக்கும் இடையே ஏற்படும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் ஒலி எந்தப் பக்கம் என்று நாம் அறிகிறோம். தண்ணீரில் அந்த வித்தியாசம் மிகவும் சுருங்கிவிடுவதால், படகின் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருவது போல இருக்கும்.

[திரையில்: ஒரு கண்பாவை விரிந்து, பிறகு சுருங்கும் அசைவுப்படம்]

கண்ணாடியே இல்லாமல் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தாய்லாந்தின் சுரின் தீவுகளில் வாழும் மோக்கன் மக்களின் குழந்தைகள் வெறுங்கண்ணோடு மூழ்கிச் சிப்பிகளையும் கடல் அட்டைகளையும் பொறுக்குவார்கள். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா கிஸ்லேன் அவர்களைச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டார். நீருக்குள் நுண்ணிய கோடுகளைப் பிரித்துப் பார்ப்பதில் அந்தக் குழந்தைகள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரண்டு மடங்கு திறமைசாலிகள். தண்ணீருக்குள் நம் கண்பாவை விரியும், அவர்களுக்கோ சுருங்கும். கேமராவில் துளையைச் சிறிதாக்கினால் படம் தெளிவாவது இதே விதிப்படிதான். அதோடு கண்வில்லையையும் அவர்கள் முழு வீச்சில் வளைக்கிறார்கள். இது பிறவியிலேயே வந்த திறமையா என்று பார்க்க ஐரோப்பியக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கும் அது வந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். ஒரே கடல், ஒரே வெளிச்சம். பழகிய கண்ணுக்குச் சிப்பி தெரிகிறது, பழகாத கண்ணுக்கு மங்கல் தெரிகிறது. இந்த இருவரில் யாருடைய கடலை நாம் பதிவு செய்யப்போகிறோம்? கேமராவை எவ்வளவு கூர்மையாக்கினாலும் அது இதற்குப் பதில் சொல்லாது. பார்ப்பவரின் உடலும் பதிவுக்குள் வந்தாக வேண்டும்.

வி.ஆர். உலகில் இதை முதலில் ஆழமாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் கனடாவின் ஓவியர் ஷார் டேவீஸ் என்று நினைக்கிறேன். கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லேண்ட் 1968-இல் தலையில் மாட்டும் திரையைச் செய்து காட்டியதிலிருந்து, வி.ஆர். முன்னேற்றம் என்றால் பெரும்பாலும் படத்தைத் தெளிவாக்குவது, வேகமாக்குவது, கையில் ஒரு கருவியைக் கொடுத்துச் சுட்டவும் பிடிக்கவும் விடுவது என்றே போனது. டேவீஸ் ஸ்கூபா டைவர். டைவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: மூச்சை இழுத்தால் உடம்பு மெல்ல மேலே எழும், விட்டால் கீழே இறங்கும். 1995-இல் அவர் உருவாக்கிய ஆஸ்மோஸ் என்ற படைப்பில் கைக்கருவியே கிடையாது. மார்பில் மூச்சை அளக்கும் பட்டை, முதுகின் சாய்வை அளக்கும் உணரி, தலையில் திரை. மூச்சை இழுத்தால் மெய்நிகர் காட்டுக்குள் எழும்புவீர்கள், விட்டால் மண்ணுக்கும் வேருக்கும் அடியில் இறங்குவீர்கள். உடலைச் சாய்த்தால் அந்தத் திசையில் போவீர்கள். இலைகளும் மரங்களும் புகைபோல ஊடுருவித் தெரியும்.

அங்கே கடல் இல்லை. ஆனாலும் கடலுக்குள் இருப்பதன் உடலுணர்வை இவ்வளவு நெருக்கமாகத் தொட்ட வி.ஆர். படைப்பு வேறொன்று எனக்குத் தெரியாது. 360 டிகிரியில் எடுத்த எத்தனையோ பவளத்திட்டு வீடியோக்கள் பின்னால் வந்தன, அவையும் பயனுள்ளவையே. ஆனால் அவற்றில் நீங்கள் மூச்சை அடக்கினாலும் விட்டாலும் காட்சி கண்டுகொள்வதில்லை.

இப்போது மூளைக்கு வருவோம்.

[திரையில்: மங்கலான சாம்பல் நிறப் படங்கள், பக்கத்தில் அவற்றின் மூலக் காட்சிகள்]

1999-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யாங் டான் குழுவினர் பூனைகளுக்குப் படக்காட்சிகளைக் காட்டினார்கள். கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் வழியில் உள்ள 177 நரம்பணுக்களின் துடிப்பைப் பதிந்து, அதிலிருந்தே பூனை பார்த்த காட்சியை மங்கலாகத் திரும்ப உருவாக்கினார்கள். 2011-இல் அதே பல்கலைக்கழகத்தில் ஜாக் கேலண்டின் குழு மனிதர்களிடம், அறுவை சிகிச்சை இல்லாமல், மூளையின் ரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனர் வைத்து இதைச் செய்தது. ஆய்வாளர்களே ஸ்கேனருக்குள் படுத்து மணிக்கணக்கில் வீடியோ பார்த்தார்கள். எந்த மாதிரிக் காட்சிக்கு மூளையின் எந்தப் பகுதியில் ரத்த ஓட்டம் எப்படி மாறுகிறது என்று கணினி கற்றுக்கொண்டது. பிறகு 1.8 கோடி நொடி யூடியூப் வீடியோக்களில் எவை அந்த மூளைப் பதிவோடு நன்றாகப் பொருந்துகின்றன என்று தேடி, அவற்றைச் சேர்த்துச் சராசரியாக்கிக் காட்டியது. மங்கலான மனித முகங்கள் திரையில் வந்தபோது உலகமே வியந்தது. அந்த வியப்பு நியாயமானதுதான்.

ஆனால் திரையில் வந்தது யூடியூபின் துண்டுகள் என்பதை மறக்கக் கூடாது. 2023-இல் ஜப்பானின் ஒசாகாவிலிருந்து வந்த ஆய்வில் படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவைச் சேர்த்தார்கள். படங்கள் மிகத் தெளிவாகிவிட்டன. எனக்கு அந்தத் தெளிவுதான் கவலை தருகிறது. மூளை கொடுத்த குறிப்பு எங்கே முடிகிறது, கணினியின் ஊகம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. வீடியோ கிடங்கில் இல்லாத ஒன்றை ஒருவர் ஆழத்தில் பார்த்திருந்தால், கணினி தனக்குத் தெரிந்த வேறொன்றை அந்த இடத்தில் வைத்துவிடும்.

அதே 2023-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் ஹத், ஜெர்ரி டாங் குழு, ஒருவர் கேட்கும் கதையின் சாரத்தை மூளைப் பதிவிலிருந்து சொற்களாக எடுத்தது. ஒவ்வொருவரும் 16 மணி நேரம் ஸ்கேனருக்குள் கதை கேட்க வேண்டியிருந்தது. ஒருவரை வைத்துப் பயிற்றிய கணினி இன்னொருவரிடம் வேலை செய்யவில்லை. மனதுக்குள் வேண்டுமென்றே வேறு கதை சொல்லிக்கொண்டால் அப்போதும் அது தோற்றது. எனக்கு இது நல்ல செய்தி. ஆளின் சம்மதமும் ஒத்துழைப்பும் இல்லாமல் அந்த முறை நகரவில்லை. என்றாலும் இப்போதே வேலி போடுவது நல்லது. சிலி நாடு 2021-இலேயே தன் அரசியலமைப்பில் மூளைச் செயல்பாட்டுக்கும் அதிலிருந்து வரும் தகவலுக்கும் பாதுகாப்பு சேர்த்துவிட்டது.

அப்புறம் ஒரு நடைமுறைச் சிக்கல். எஃப்.எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். உள்ளே தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். அதைப் பவளத்திட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கடலுக்குள் நம்மால் எடுத்துப் போகக்கூடியவை எளிய கருவிகள்: மூச்சின் ஏற்ற இறக்கம், இதயத்துடிப்பு, தலை திரும்பும் திசை, கண் எங்கே நிற்கிறது என்ற தடம். கேமராவோடு இவற்றைச் சேர்த்துப் பதிந்தால் அது இன்னும் பார்வையின் பதிவு ஆகிவிடாது. ஆனால் எந்த நொடியில் டைவரின் மூச்சு ஒரு கணம் தடைப்பட்டது, எதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார், எதைக் கவனிக்காமலே கடந்துபோனார் என்பது தெரியும். ஷார் டேவீஸ் 1995-இல் மூச்சை உள்ளீடாக வைத்தாரே, அதே மூச்சைப் பதிவாகவும் வைக்கலாம்.

இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். 2023 கோடையில் புளோரிடா கடல் கடுமையாகச் சூடானபோது, அங்கே மான்கொம்பு போலக் கிளைக்கும் பவளங்கள் பெருமளவில் மடிந்தன. அக்வேரியஸ் இருப்பதும் அதே கடல்தான். கடல் உயிரியலாளர் டேனியல் பாலி 1995-இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தான் முதலில் பார்த்த கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்கிறார், அதற்கு முன்னால் இழந்தது கணக்கிலேயே வருவதில்லை. 1970-இல் லேமஷூர் விரிகுடாவில் நீந்தியவர்களின் கண்ணுக்கு எது சாதாரணமாகத் தெரிந்தது என்பது, மீன்களின் எண்ணிக்கை அளவுக்கே மதிப்புள்ள அறிவியல் தகவல். அன்று அதைப் பிடித்து வைக்கக் கருவி இல்லை. குறிப்பேடுகளும் பேட்டிகளும் படச்சுருள்களும்தான் மிஞ்சின.

இன்று கீழே இறங்குபவர்களுக்கு அந்தக் கருவிகள் இருக்கின்றன. அவர்கள் சம்மதத்தோடு, பதிவின் உரிமை அவர்களிடமே இருக்கும்படி, மூச்சையும் கண்தடத்தையும் காட்சியோடு சேர்த்து எடுக்கத் தொடங்க வேண்டும். மூளைப் படிப்பு முழுமை பெறட்டும் என்று காத்திருந்தால், பதிவு செய்ய அந்தத் திட்டு இருக்காது.