குமிழிகள் மிதந்த சனிக்கிழமை இரவுகள்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

1955 ஜூலை 2, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஷாம்பெயின் பாட்டிலின் தக்கை 'டப்'பென்று தெறிக்கும் ஓசை கேட்கிறது. மேடை முழுக்கச் சோப்புக் குமிழிகள் மிதக்கின்றன. நடுவில் கையில் குச்சியோடு, ஜெர்மன் வாடை வீசும் ஆங்கிலத்தில் 'ஒன் அண்ட் அ டூ' என்று எண்ணித் தாளம் எடுத்துக் கொடுக்கிறார் 52 வயது இசைக்குழுத் தலைவர் லாரன்ஸ் வெல்க். கோடைக் காலத்துக்கு மட்டும் என்று கொடுத்த நேரம் அது. 'தி லாரன்ஸ் வெல்க் ஷோ' என்ற அந்த நிகழ்ச்சி 27 ஆண்டுகள் ஓடியது. 1982-இல் புதிய பதிவுகள் நின்றன. 1987-இலிருந்து ஒக்லஹோமா மாநிலக் கல்வித் தொலைக்காட்சியின் முயற்சியால் மறுஒளிபரப்பாக வந்துகொண்டிருக்கிறது.

இந்த நிகழ்ச்சியை நினைத்து உருகுகிறவர்கள் ஏராளம். 'சாதுவான இசை, பாட்டி தாத்தாக்களுக்கானது' என்று ஒதுக்கியவர்களும் உண்டு. இரு தரப்பும் கவனிக்கத் தவறுவது ஒன்று இருக்கிறது. இது பால்ரூம் எனப்படும் நடனக்கூடத்தில் பிறந்த இசைக்குழு. எதிரே ஜோடி ஜோடியாக ஆடுகிறவர்களின் கால்களைப் பார்த்தே வாசித்துப் பழகியது. தொலைக்காட்சிக்கு வந்த பிறகும் அந்தக் கால்களை அது மறக்கவில்லை. அதன் பலமும் அதுதான், எல்லையும் அதுதான்.

வெல்க் பிறந்தது 1903-இல், வடக்கு டகோட்டா மாநிலத்தின் ஸ்ட்ராஸ்பர்க் என்ற சிற்றூரில். பெற்றோர் ஒடெசா பக்கமிருந்து குடியேறிய ஜெர்மன் மொழிக் குடும்பத்தினர், விவசாயிகள். மகன் நல்ல அக்கார்டியன் (துருத்தியை இழுத்துத் தள்ளி வாசிக்கும் கருவி) வேண்டும் என்று கேட்டதும், தந்தை 400 டாலருக்கு ஒன்றைத் தபாலில் வரவழைத்துக் கொடுத்தார். 21 வயது வரை பண்ணையில் உழைக்க வேண்டும், வாசித்துச் சம்பாதிப்பதும் வீட்டுக்கே வர வேண்டும் என்பது பேச்சு. மகன் அந்தப் பேச்சைக் காப்பாற்றினார், 21 முடிந்ததும் ஊரைவிட்டுக் கிளம்பினார். 1927-இல் தெற்கு டகோட்டாவின் யாங்க்டன் வானொலி நிலையத்தில் இடம் கிடைத்தது. 1938-இல் பிட்ஸ்பர்க் நகரின் வில்லியம் பென் ஹோட்டலில் வாசித்தபோது, இந்த இசை ஷாம்பெயின் போல நுரைத்து லேசாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, 'ஷாம்பெயின் இசை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1951-இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில், கடற்கரைப் பாலத்தின் மேலிருந்த அரகான் நடனக்கூடத்திலிருந்து உள்ளூர் நிலையமான கேடிஎல்ஏ அவர்களை ஒளிபரப்பத் தொடங்கியது. அங்கிருந்துதான் ஏபிசிக்கு வந்தார்கள்.

சரி, ஆடுவதற்கு வாசிப்பது என்றால் என்ன? முதல் கட்டுப்பாடு காலப்பிரமாணம். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், போல்கா மூன்றும் ஜோடி நடன வகைகள். வால்ட்ஸ் என்பது நம் திஸ்ர நடை போல மூன்று அடி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 84 முதல் 90 அடி வரை போகலாம். ஃபாக்ஸ்ட்ராட் நான்கு அடி, 112-லிருந்து 120. இரண்டு அடிப் போல்கா 120-ஐ ஒட்டி நிற்கும். வாசிப்பவர் உணர்ச்சிவசப்பட்டு நடுவில் நான்கைந்து அடி ஏற்றிவிட்டால் கச்சேரி கேட்பவர் ரசிப்பார், ஆடுபவர் தடுமாறுவார். வால்ட்ஸ் வேகம் கூடினால் உடலை எழுப்பித் தாழ்த்த நேரம் போதாது. குறைந்தால் ஒற்றைக் காலில் நின்று தள்ளாட வேண்டியிருக்கும். இரண்டாவது கட்டுப்பாடு, மெட்டை மறைக்கக் கூடாது. ஜாஸ் கலைஞர்கள் போல மெட்டைக் கலைத்து விரித்துக்கொண்டே போவதற்கு இங்கே இடம் குறைவு. கிளாரினெட் மேதை பீட் ஃபவுண்டன் இந்தக் குழுவில் சில காலம் இருந்துவிட்டு நியூ ஆர்லியன்ஸுக்கே திரும்பிப் போனார். அவருக்கு அந்த எல்லை போதவில்லை என்பதில் வியப்பில்லை.

குழுவின் அடையாளக் கருவி அக்கார்டியன். வெல்க் தாமே அக்கார்டியன்காரர் என்றாலும், தம்மைவிடத் திறமையானவர் என்று தெரிந்தே ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். அவர் மைரன் ஃப்ளோரன். 1950-இல் செயின்ட் லூயிஸ் நகரின் காசா லோமா நடனக்கூடத்தில், பார்வையாளராக வந்தவரை மேடைக்கு அழைத்தார் வெல்க். ஃப்ளோரன் வாசித்தது 'லேடி ஆஃப் ஸ்பெயின்'. கூட்டம் ஆர்ப்பரித்தது, அங்கேயே வேலை உறுதியானது.

அந்த உருப்படியில் கைதட்டலை வாங்கும் இடம் ஒன்று உண்டு. 'பெல்லோஸ் ஷேக்' என்பார்கள், துருத்தியை உதறி வாசிப்பது. வலக்கை ஒரு சுரக்கூட்டை அழுத்திப் பிடித்திருக்க, இடக்கை துருத்தியை உள்ளே வெளியே என்று உதறும். ஒவ்வொரு உதறலுக்கும் ஒரு சுரம். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், அடிக்கு நான்கு சுரம் என்றால் விநாடிக்கு எட்டுச் சுரம், எட்டு உதறல். இதற்குத் துருத்தி இரண்டு மூன்று விரல்கடை அளவே திறந்திருக்க வேண்டும். பழகுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, அகலத் திறந்து வைத்துக்கொண்டு உதறுவது. உள்ளே காற்று அதிகம் இருந்தால் அழுத்தம் மாற நேரம் பிடிக்கும், ரீடு என்ற உலோக நாக்கு தாமதமாகப் பேசும், சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். இரண்டாவது தவறு, தோளால் உதறுவது. அரை நிமிடத்தில் கை இரும்பாகிவிடும். கருவியின் அடிமூலையை இடது தொடையில் ஊன்றி, முன்கையின் சிறு அசைவில் வேலையை முடிக்க வேண்டும். ஃப்ளோரன் இதைச் செய்யும் பழைய பதிவுகளில் அவர் முகத்தைப் பாருங்கள், சிரித்துக்கொண்டிருப்பார். பிறகு இடது தோளைப் பாருங்கள், அது ஏறக்குறைய அசையாது.

ஆர்மோனியம் தெரிந்த நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்மோனியத்தில் காற்று ஒரே திசையில் போகும், ஒரு நாக்கு போதும். பியானோ அக்கார்டியனில் துருத்தியை இழுத்தாலும் தள்ளினாலும் அதே சுரம் வர வேண்டும். அதனால் ஒரு தகட்டின் இரு பக்கமும் ஒவ்வோர் எஃகு நாக்கு. காற்று தவறான பக்கம் போகாமல் தடுக்கச் சின்னத் தோல் மூடிகள். பெரிய அளவுக் கருவியில் வலப்பக்கம் 41 கட்டைகள், இடப்பக்கம் ஆறு வரிசையில் 120 பொத்தான்கள். ரீடுத் தகடுகளை மரக்கட்டையில் ஒட்டி வைத்திருப்பது தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த பூச்சு. அதுதான் இதன் பலவீனம். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டால் மெழுகு இளகித் தகடு பெயர்ந்துவிடும். கடலோர ஊர்களில் எஃகு நாக்கு துருப்பிடித்துச் சுருதி இறங்கும். நெடுநாள் படுக்க வைத்தால் தோல் மூடிகள் தொங்கிப்போகும், பிறகு சுரத்தோடு ஒரு படபடப்புச் சேர்ந்து கேட்கும். வாசிக்கும்போது நிற்கும் நிலையிலேயே பெட்டியில் நிறுத்தி வைக்க வேண்டும். பழைய ஆர்கெஸ்ட்ராக்காரர் வீடுகளில் இன்னும் சில அக்கார்டியன்கள் இருக்கக்கூடும். அவர்களுக்கு இது பயன்படட்டும்.

அடுத்தது அந்தக் குமிழி இயந்திரம். முதல் இயந்திரம் தங்கள் இடத்தில்தான் பிறந்தது என்று அந்தப் பிட்ஸ்பர்க் ஹோட்டல் இன்றும் பெருமை பேசுகிறது. அமைப்பு எளிது. சோப்பு நீர்த் தொட்டியில் முங்கிச் சுழலும் சக்கரம், அதன் விளிம்பில் வளையங்கள், பின்னால் ஒரு மின்விசிறி. ஆறு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பாத்திரம் கழுவும் திரவம், கால் பங்கு கிளிசரின் என்பது பலரும் கையாளும் கலவை. கிளிசரின் எதற்கென்றால், குமிழியின் தோல் சீக்கிரம் காய்ந்து உடையாமல் இருக்க. மேடை விளக்கின் சூட்டில் அது இல்லாமல் குமிழி நிற்காது. உப்புத் தண்ணீரில் குமிழி சரியாக வராது, மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ நல்லது. விசிறி வேகம் கூடினால் வளையத்திலேயே படலம் கிழியும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் தரை. உடைந்த குமிழி ஒவ்வொன்றும் ஒரு துளி சோப்பைக் கீழே விடுகிறது. மெருகேற்றிய தரை, தோல் அடிப்பாகம் வைத்த நடனக் காலணி, நடுவே சோப்பு. ஆடுபவர் வழுக்கி விழ வேறென்ன வேண்டும்? அக்கார்டியன் துருத்தியிலும் வயலின் தந்தியிலும் படிந்தால் அதுவும் கேடு. ஆகவே குமிழிகளைத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒதுக்கி வைப்பதே புத்திசாலித்தனம்.

கலைஞர்களுக்கு வருவோம். லெனன் சகோதரிகள் நால்வர்: டயான், பெக்கி, கேத்தி, ஜேனட். வெல்கின் மகன் டயானோடு ஒரே பள்ளியில் படித்தவர். அவர்தான் இவர்களை அப்பாவிடம் கூட்டிவந்தார். 1955 கிறிஸ்துமஸ் முந்திய இரவில் அறிமுகமானார்கள். ஜேனட்டுக்கு அப்போது ஒன்பது வயது. உடன்பிறந்தவர் குரல்கள் இழையும்போது வரும் குழைவு பயிற்சியால் மட்டும் வருவதில்லை. உச்சரிப்பு ஒன்று, மூச்செடுக்கும் இடம் ஒன்று. சொல்லின் கடைசி மெய்யெழுத்தை நால்வரும் ஒரே கணத்தில் மூடுவதைக் கேட்டுப் பாருங்கள், ஒருவர் பாடுவது போலிருக்கும். 1968-இல் அவர்கள் விலகிய பிறகு அந்த இடம் நிரம்பவே இல்லை என்பது என் கருத்து.

நடனக் கலைஞர் பாபி பர்ஜெஸ் 1961-இல் தம் ஜோடி பார்பரா பாய்லனோடு வந்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில் வெல்க் குழுவின் 'கல்கட்டா' என்ற கருவியிசை அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. பெயர்தான் கல்கத்தா, மெட்டு ஒரு ஜெர்மன் இசையமைப்பாளருடையது. ஹார்ப்சிகார்டு என்ற பழைய தந்திக் கருவி அதைத் தூக்கி நிறுத்தியது. அந்த இசைக்கு ஆடும் போட்டியில் வென்றுதான் இந்த ஜோடி உள்ளே வந்தது. பாய்லனுக்குப் பிறகு சிஸ்ஸி கிங், அவருக்குப் பிறகு எலேன் நிவர்சன் என்று கடைசி வரை ஆடினார் பர்ஜெஸ். மைரன் ஃப்ளோரனின் மகளைத்தான் மணந்துகொண்டார்.

காலணித் தகடுகளால் தரையில் தாளம் தட்டி ஆடும் டேப் நடனக் கலைஞர் ஆர்தர் டங்கன் 1964-இல் சேர்ந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சியின் பல்சுவை நிகழ்ச்சியொன்றில் நிரந்தர இடம் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர்களில் ஒருவர். பத்தாண்டுக்கு முன், 1954-இல், நடிகை பெட்டி வைட் தம் நிகழ்ச்சியில் இவரை ஆட வைத்தபோது தென் மாநில நிலையங்கள் எதிர்த்தன, அவர் மசியவில்லை. வெல்க் மேடையில் டங்கன் 1982 வரை இருந்தார். ஆனால் அந்தப் பெரிய குடும்பத்தில் அவர் ஏறக்குறைய தனியொருவராகவே நின்றார் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. அவருடைய ஆட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். காலணியின் முன்தகடு, குதித்தகடு இரண்டுக்கும் ஓசை வேறு. மிருதங்கத்தின் வலந்தலை, தொப்பி போல அந்த இரண்டையும் அவர் பிரித்துக் காட்டுவார்.

சம்பளம் தொழிற்சங்கம் வகுத்த அடிப்படை அளவுதான். அதற்கு மேல் இலாபப் பங்குத் திட்டம் ஒன்று இருந்தது. பலர் இருபது ஆண்டுகளுக்கு மேல் தங்கியதற்கு நிலையான வேலை ஒரு காரணம்.

1971-இல் ஏபிசி நிகழ்ச்சியைக் கைவிட்டது. பார்வையாளர்கள் வயதானவர்கள், விளம்பரதாரர்களுக்கு இளைஞர்கள் வேண்டும் என்பது கணக்கு. வெல்க் ஓயவில்லை. நாடெங்கும் உள்ள நிலையங்களோடு தனித்தனியாக ஒப்பந்தம் போட்டார், 200-க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. கைவிடப்பட்ட நிகழ்ச்சி மேலும் 11 ஆண்டு ஓடியது.

பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஐம்பதுகளின் பதிவுகள் மங்கலாகத் தெரிந்தால் அது 'கினஸ்கோப்' படி. நேரடி ஒளிபரப்பு ஓடும் திரைக்கு எதிரே படக் கேமராவை வைத்துப் பிடித்தது. தொலைக்காட்சிக்கு விநாடிக்கு 30 சட்டகம், திரைப்படச் சுருளுக்கு 24. மிச்சம் ஆறைக் கழிக்கும் இடத்தில்தான் அந்தக் குறுக்குப் பட்டையும் நடனத்தில் தெரியும் சிறு துள்ளலும் வருகின்றன. ஆடியவர் மேல் பிழையில்லை. 1956-இல் வந்த இரண்டு அங்குல வீடியோ நாடா தெளிவானது. ஆனால் அதைத் தொகுக்க, இரும்புத் துகள் கலந்த திரவத்தைத் தடவி, உருப்பெருக்கியில் கோடு பார்த்து, பிளேடால் வெட்டி ஒட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினால் படம் உருளும். அதைவிட ஒரே மூச்சில் பிழையின்றி ஆடிப் பாடிவிடுவது மேல். 1965-இல் வண்ணம் வந்ததும் உடைகள் பளீரென்று மாறின. அடர் சிவப்பு விளிம்பைத் தாண்டி வழிவது போல் தெரிந்தால் உங்கள் திரையைத் திருக வேண்டாம், அக்கால அமெரிக்க வண்ண முறையின் குணம் அது. மறுஒளிபரப்பில் இடையிடையே வரும் கலைஞர் பேட்டிகள் பிற்காலச் சேர்க்கை, பழைய விளம்பரங்கள் இருந்த இடத்தை நிரப்புபவை.

முடியும் தருவாயில் வரும் காட்சியைத் தவறவிடாதீர்கள். வெல்க் குச்சியை வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்குவார். குழுவை ஃப்ளோரன் கையில் எடுத்துக்கொள்வார், காலப்பிரமாணம் இம்மியும் அசையாது. வெல்க் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பெண்மணியின் கையைப் பிடித்து அழைத்து வந்து ஆடுவார், பிறகு இன்னொருவர், பிறகு இன்னொருவர். அவர்களில் யாரும் ஒத்திகை பார்த்தவர்கள் அல்லர், ஆனாலும் யாருக்கும் அடி தவறுவதில்லை.

நன்றி, வணக்கம்.