கோல்ட்ஃபிஷ் தொட்டியில் செடி நிற்குமா?

[காட்சி: தண்ணீரின் மேல் இலையில்லாத தண்டுகள் மிதக்கின்றன]

இது நான் முதன்முதலில் வாங்கிய கபோம்பா என்ற நீர்ச்செடி. சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் கட்டு கட்டாகக் கிடைக்கும், பச்சைப் பசேலென்று. சாயங்காலம் நட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் ஈர்க்குச்சிதான் மிச்சம்.

மீனைத் திட்டிப் பயனில்லை. கோல்ட்ஃபிஷ் கெண்டை இனம். அதற்கு வயிறு என்று தனியாக ஒரு பை கிடையாது, தின்றது நேரே குடலுக்குப் போய்விடும். அதனால் நாளெல்லாம் எதையாவது மேய்ந்துகொண்டே இருக்கும். மெல்லிய இலை அதற்குக் கீரை.

[காட்சி: மீன் கல்லை வாயில் அள்ளித் துப்புவது, மிக அருகில்]

இதைக் கவனியுங்கள். கல்லை அள்ளுகிறது, உள்ளே ஒட்டியிருக்கும் துணுக்கைச் சலித்து எடுக்கிறது, கல்லைத் துப்புகிறது. அந்த இடத்தில் நேற்று நட்ட செடி இருந்தால் வேரோடு வந்துவிடும். செடி போவதற்குக் காரணம் பாதி தின்பது, மீதி இந்தத் தோண்டல்.

ஆகவே, தின்னப் பிடிக்காத செடியை, தோண்ட முடியாத இடத்தில் வைக்க வேண்டும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் இதற்கு ஏற்றவை. அனுபியாஸ் இலையைத் தொட்டுப் பாருங்கள், மாவிலை மாதிரி விறைப்பாக இருக்கும். மீன் ஒரு முறை கடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

[காட்சி: கையில் அனுபியாஸ், தண்டைச் சுட்டும் விரல்]

இஞ்சி மாதிரி படுத்திருக்கிறதே, இந்தத் தண்டை மட்டும் மண்ணில் புதைக்காதீர்கள். புதைத்தால் அழுகும், அப்புறம் இலை ஒவ்வொன்றாகக் கழன்று வரும். பருத்தி நூலால் ஒரு கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டிவிடுங்கள். நூல் இற்றுப்போவதற்குள் வேர் கல்லைப் பிடித்துக்கொள்ளும். தொட்டியைக் கழுவும்போது கல்லோடு தூக்கி வைத்துவிடலாம், அது ஒரு வசதி.

மண்ணில்தான் நட வேண்டும் என்றால் வாலிஸ்னேரியா. நம் போர்வெல் தண்ணீரின் உப்பும் கடினமும் இதற்குப் பெரிய தொல்லை இல்லை. சின்ன மண்சட்டியில் நட்டு, மேலே மீன் வாயில் நுழையாத கூழாங்கல்லைப் பரப்புங்கள். முடிந்தால் இரண்டு, மூன்று வாரம் வேறு பக்கெட்டில் வேர்விட வைத்து, பிறகு மீனிடம் கொண்டு வாருங்கள். புது இடத்துக்கு வந்ததும் பழைய இலை கரைந்து போகும். பதறிப் பிடுங்க வேண்டாம், நடுவிலிருந்து புதுசு வரும்.

விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மெதுவாக வளர்பவை. வெளிச்சம் அதிகமானால் இலைக்கு முன்னால் பாசிதான் வளரும்.

உரம்? மீன் கழிவே நைட்ரஜனைக் கொட்டுகிறது. குறைவது பெரும்பாலும் பொட்டாசியமும் இரும்பும்தான். பழைய இலையில் குண்டூசி குத்தினது போல ஓட்டை விழுந்தால் பொட்டாசியம், புதுத் தளிர் மஞ்சளாக வந்தால் இரும்பு என்று சந்தேகப்படலாம். மீன்தொட்டிக்கென்று விற்கும் திரவ உரம் போதும். மாடித் தோட்டத்து யூரியாவை மட்டும் கிட்டவே கொண்டு வராதீர்கள், அம்மோனியாவில் மீன் செத்துவிடும்.

செடி வைத்தால் தண்ணீர் மாற்ற வேண்டாம் என்பார்கள். நம்பாதீர்கள். இவ்வளவு மெதுவாக வளரும் செடி உறிஞ்சுவது கொஞ்சம்தான். வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீராவது மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கி ஊற்றுங்கள்.

கோடையில் இன்னொன்று. இந்த மீனுக்குச் சுகமான சூடு சுமார் 18 முதல் 24 டிகிரி வரை. சென்னையில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டிவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் தங்குவது குறைவு. ராத்திரியில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஏர் பம்ப்பை அணைக்காதீர்கள்.

[காட்சி: ஜாவா ஃபெர்ன் இலையின் அடிப்பக்கம், வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள்]

சரி, இதைப் பார்த்ததும் நோய் என்று கத்திரிக்கோலை எடுக்கிறவர்கள் நிறைய. நானும் முதலில் நறுக்கி எறிந்தேன். இது ஃபெர்ன், விதைக்குப் பதிலாக, வித்துத்தூள் வைக்கும் இடம். இன்னும் கொஞ்ச நாளில் பழைய இலையின் மேலேயே குட்டிச்செடி முளைத்து நிற்கும். அதற்கு நாலு இலையும் கொஞ்சம் வேரும் வந்த பிறகு கிள்ளி, வேறு கல்லில் கட்டிக்கொள்ளுங்கள்.