கேலி செய்கிற பிள்ளையை விட்டுவிட்டு

நேயர்களுக்கு வணக்கம். தக்கலைப் பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ சேர்ந்து வாழ்ந்து ஒரு பிள்ளையை வளர்க்கலாமா என்று கேட்டால், நம்ம ஊரில் பெரும்பாலும் வருகிற பதில்: "அவங்க எப்படியும் போட்டும், அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல கேலி பண்ணும்லா?"

பண்ணும்தான். வகுப்பில் வட்டப்பெயர் இல்லாத பிள்ளை ஏது? அப்பா குடிப்பார் என்றால் ஒரு பெயர், அம்மா மறுமணம் செய்தவர் என்றால் இன்னொரு பெயர். அதற்காக மறுமணத்தைத் தடுத்தோமா? கேலி செய்கிறவனை எல்லார் முன்னாலும் அதட்டினால் இடைவேளையில் இரட்டிப்பாகச் செய்வான். தனியாகக் கூப்பிட்டுப் பேசணும். அப்புறம், கூடச் சிரிக்கிற இரண்டு பேரை வேறு வேறு பெஞ்சில் உட்கார வைக்கணும். சிரிக்க ஆள் இல்லையென்றால் கேலி ஓடாது. இது வாத்தியார் வேலை, சட்டத்தின் வேலை இல்லை.

சட்டம் என்ன செய்கிறது? தம்பதியாகத் தத்தெடுக்க, நிலையான மணவாழ்வில் இரண்டு வருடமாவது இருந்திருக்க வேண்டும் என்பது 2022 விதிமுறை. தன்பாலின இணையருக்கோ திருமணமே சட்டப்படி இல்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் இந்த விதியை ரத்து செய்ய மறுத்தார்கள்; தலைமை நீதிபதி சந்திரசூடும் நீதிபதி கவுலும் மாறுபட்டார்கள். ஆக, ஒருவர் மட்டும் தனி நபராகத் தத்தெடுக்கலாம். அதிலும் தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது. கூட இருந்து வளர்க்கிற மற்றவர் சட்டத்தின் கண்ணில் யாரோ. தத்தெடுத்தவர் இறந்துபோனால் பிள்ளை யாரிடம் போகும்? வட்டப்பெயரைவிட எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது.

"குடும்பம்னா இப்படித்தான்" என்று நாம் அடித்துச் சொல்வதும் வேடிக்கைதான். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் நூறு வருடத்துக்கு முன்புவரை மருமக்கள் வழி. சொத்தில் பெரும்பங்கு மகனுக்கு இல்லை, சகோதரி மகனுக்கு. அதையும் சட்டம் போட்டுத்தான் மாற்றினார்கள். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமும், இணையராக இருந்த இரண்டு பெண்களின் வழக்கில், குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சொல்லிவிட்டது.

சரி, யாருடைய பிள்ளையாக இருந்தாலும், கேலி எல்லை மீறிப் பள்ளியும் கண்டுகொள்ளவில்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, பிள்ளையே நேரடியாகப் பேசலாம். வணக்கம்.