இன்னொருவர் வீட்டில் முதல் 23 நாள்கள்

வணக்கம் நண்பர்களே. மேற்படிப்புக்காக வெளிநாட்டுக்கு வந்து இன்றோடு 23 நாள்கள் ஆகின்றன. விடுதியில் சேராமல், ஒரு குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே தங்கிப் படிக்கும் ஹோம்ஸ்டே முறையில் நான் இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பதிவு, அடையாள அட்டை, நூலகம் எல்லாம் சில நாள்களில் பழகிவிட்டன. பழகுவதற்குச் சிரமப்பட்டது வீடுதான். ஆகவே இன்று வீட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதல் இரவிலிருந்து தொடங்குகிறேன். நீண்ட விமானப் பயணத்தின் களைப்பில், ஷவருக்கு அடியில் 20 நிமிடங்களுக்கு மேல் நின்றுவிட்டேன். அந்த வீட்டில் வெந்நீர் ஒரு தொட்டியில் சூடாக்கிச் சேமிக்கப்படுகிறது. இருப்பது தீர்ந்துபோனால், தொட்டி மறுபடியும் சூடேற நெடுநேரம் பிடிக்கும். இது எனக்குத் தெரியாது. எனக்குப் பின் குளிக்கச் சென்ற வீட்டுப் பெரியவர், மறுநாள் விடியற்காலையில் வேலைக்குப் புறப்பட வேண்டியவர், பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் படுத்திருக்கிறார். மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்காம் நாள் அவர்களுடைய சிறுவன் பேச்சுவாக்கில், "இப்போதெல்லாம் அப்பா குளிக்கும்போது தண்ணீர் சில்லென்று வருகிறதாம்" என்று சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது.

வந்த பிள்ளையின் மனம் நோகுமே என்று அவர் சொல்லவில்லை. கேட்டால் தொந்தரவாக இருக்குமே என்று நான் கேட்கவில்லை. இருபக்கமும் நல்லெண்ணம் இருந்தும், ஒரு மனிதர் மூன்று இரவுகள் குளிர்ந்த நீரில் குளிக்க நேர்ந்தது. அன்று மாலையே அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். குளியலறை யாருக்கு எப்போது தேவை, துணிகளை எந்த நாளில் துவைக்கலாம், இரவு எத்தனை மணிக்குப் பிறகு சத்தம் கூடாது, அறைக்கதவு சாத்தியிருந்தால் தட்டலாமா, இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தபோது, இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்று தோன்றியது. குடும்பத்தோடு தங்கப் போகிறவர்கள் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

எங்கள் ஒப்பந்தத் தாளில், "குடும்பத்தில் ஒருவராக" என்று எழுதியிருக்கிறது. இந்த எண்ணம் நேற்று முளைத்ததன்று. டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் 1932ஆம் ஆண்டில் தொடங்கிய 'எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்' என்ற அமைப்பு, வேற்று நாட்டாரோடு சேர்ந்து வாழ்வதையே கல்வியாகக் கருதியது. முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தன்னார்வலர்களிடமிருந்து வளர்ந்த ஏஎஃப்எஸ் அமைப்பு, 1947 முதல் மாணவர்களை வேற்று நாட்டுக் குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கச் செய்துவருகிறது. இரண்டும் உயர்ந்த முயற்சிகள் என்றே நினைக்கிறேன். ஆனால், விருந்தாளியாக உள்ளே நுழைகிற ஒருவர் எந்த நாளில் குடும்பத்தில் ஒருவராகிறார் என்பதை எந்த ஒப்பந்தமும் சொல்வதில்லை.

அடுத்தது மொழி. மொழித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் சாப்பாட்டு மேசையில் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. வகுப்பில் பேசுபவர் ஒருவர்; பொருள் முன்பே தெரிந்தது; எதிரே திரையில் எழுத்தும் உண்டு. மேசையிலோ நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் முடிக்கிறார், நடுவே பாத்திரச் சத்தம் வேறு. இரைச்சலுக்கிடையே பேச்சைப் பிரித்தறிவது, தாய்மொழியில் கேட்பவரைவிடப் பின்னால் கற்ற மொழியில் கேட்பவருக்கு அதிகக் கடினம். இரவு எட்டு மணிக்குள் என் தலை கனத்துவிடும். எழுந்து அறைக்குப் போய்விடுவேன். இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லையோ என்று வீட்டு அம்மையார் கவலைப்பட்டிருக்கிறார். "எனக்கு மனவருத்தம் எதுவும் இல்லை, நாள் முழுவதும் உங்கள் மொழியைக் கேட்டு மூளை களைத்துவிடுகிறது" என்று நான் சொன்ன பிறகு, சிறுவன் என்னிடம் மட்டும் நிறுத்தி நிதானமாகப் பேசத் தொடங்கினான்.

அவர்களை எப்படி அழைப்பது என்பதும் பெரிய தடையாக இருந்தது. தெரியாததால் முதல் ஏழு நாள்கள் யாரையும் கூப்பிடவே இல்லை. ஏதாவது வேண்டுமானால் எதிரே போய் நின்று, அவர்கள் நிமிரும்வரை காத்திருப்பேன். எப்படி அழைப்பது என்று கேட்டதும் ஒரே நொடியில் பதில் கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தினமும் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு ஊரில் இருக்கும் என் வீட்டாரோடு வீடியோ காலில் பேசுவேன். மேசையில் மௌனமாக இருந்தவர், கதவுக்குப் பின்னால், யாருக்கும் புரியாத மொழியில் வாய்விட்டுச் சிரிப்பது வெளியே இருப்பவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அலைபேசியைக் கூடத்துக்கு எடுத்துவந்து, என் அம்மாவையும் அந்த அம்மையாரையும் பேசவைத்தேன். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. நான் இடையில் மொழிபெயர்த்தேன். அவர்கள் பேசியதெல்லாம் நான் ஒழுங்காகத் தூங்குகிறேனா என்பதைப் பற்றித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளிநாட்டில் படித்துத் திரும்பிய நார்வே நாட்டவரை ஆராய்ந்த லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர், தொடக்கத்து உற்சாகம் இடையில் சரிந்து பிறகு மேலேறும் என்று 1955இல் எழுதினார். எல்லோருக்கும் அப்படித்தான் நடக்கும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை. எனக்குச் சரிவுதான் முதலில் வந்தது. இரண்டாம் வாரத்தில் விடுதிக்கு மாறிவிடலாமா என்றுகூட விசாரித்தேன். இப்போது அந்த எண்ணம் இல்லை.

நேற்றுக் குளியலறைக் கதவில் பெரியவர் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். யார் எத்தனை மணிக்குக் குளிப்பது என்று அவர் கையெழுத்தில் ஐந்து வரிகள். மூன்றாவது வரியில் என் பெயர். என் முறை காலை 6.15. ஆகவே இப்போது தூங்கப் போகிறேன், நன்றி.