சாபமும் காலிப்பரும்

அவையோர்க்கு வணக்கம்.

1861 மார்ச் 21, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், சவானா நகரம். அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் பேசுகிறார். கறுப்பர் அடிமைநிலைக்கே பொருந்தியவர், "இயற்கையாலோ, கானான்மேல் விழுந்த சாபத்தாலோ" என்கிறார். அந்த 'ஓ'வைக் கவனியுங்கள். அறிவியல் வேண்டுமா, உண்டு. வேதம் வேண்டுமா, அதுவும் உண்டு. தீர்ப்பு எழுதியாகிவிட்டது, சாட்சிதான் தேடுகிறார்.

முதலில் சாபம். ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மது குடித்த நோவா கூடாரத்தில் ஆடை விலகிக் கிடக்கிறார். மகன் காம் பார்த்துவிடுகிறான். விழித்தெழுந்த நோவா சபிப்பது காமை அல்ல, காமின் மகன் கானானை. தோல் நிறம் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை. நிறம் ஏறியதெல்லாம் பிற்கால உரையில். அதே வேதத்தின் அப்போஸ்தலர் 17:26, எல்லா மக்களும் ஒரே இரத்தம் என்கிறது. அடிமை ஒழிப்பாளர்கள் அதைத்தான் கையில் எடுத்தார்கள்.

அறிவியல் பக்கம் இன்னும் சிக்கல். பிலடெல்பியாவில் மருத்துவர் சாமுவேல் மார்ட்டன் மண்டையோடுகளை விதையால் நிரப்பிக் கொள்ளளவு பார்த்தார். விதை அமுங்கும், ஒரே ஓடு இரண்டு தடவைக்கு இரண்டு கணக்குக் காட்டும். அதனால் ஈயக் குண்டுக்கு மாறினார். அவர் அளவைத் திரித்தார் என்ற குற்றச்சாட்டு வெகுகாலம் இருந்தது. சுமார் 300 ஓடுகளை மறுபடி அளந்து 2011இல் வெளியிட்டார்கள்: அளவு பெரும்பாலும் சரி! கோளாறு அதற்கு அடுத்த படியில். உடல் பெருத்தால் மண்டையும் பெருக்கும், ஆண் பெண் வித்தியாசமும் உண்டு. இவற்றைக் கழிக்காமல் இனவாரியாகச் சராசரி போட்டு, அதையே அறிவுக்கு ஏணியாக்கிவிட்டார்.

அந்த ஏணி நம் எழும்பூருக்கும் வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர் எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாக மூக்கு அளந்தார். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும்: 70க்குக் கீழே கூர்மூக்கு, 85க்கு மேலே அகன்ற மூக்கு. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி, மூக்கு அகல அகலச் சமூகத் தகுதி இறங்கும் என்றே எழுதினார். கணக்குப் போடுங்கள். உயரம் 50 மி.மீ., அகலம் 42 என்றால் 84, நடுத்தரம். 43 என்றால் 86, கடைசி வரிசை. மூக்கின் ஓரமோ மெல்லிய சதை. அகலம் அளக்கும் இடுக்கிபோன்ற கருவியான காலிப்பரைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் அந்த ஒரு மில்லிமீட்டர் காணாமல் போகும்.

1972இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் ரத்த வகைகளையும் புரதங்களையும் வைத்துக் கணக்கிட்டார். மனித மரபு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்குள் இருந்தது. 'இனங்களுக்கு' இடையே வந்தது சுமார் 6. தோல் நிறம் இந்தப் போக்குக்கு விலக்கு, ஏனென்றால் அது புற ஊதாக் கதிரின் பின்னால் போகிறது. வெயில் கடுமையான நிலங்களில் கருமை தனித்தனியே நிலைத்தது. நைஜீரியரும் பப்புவரும் கறுப்புதான்; ஆனால் மரபில் பப்புவர் ஆப்பிரிக்கரைவிடச் சீனருக்கே நெருக்கம்.