ரயிலில் ஏறாத கோவிற்பிள்ளை

வணக்கம் நேயர்களே. கிறிஸ்தவன் பட்டாளத்துக்குப் போகலாமா, அரசாங்கம் சொன்னால் எதையும் செய்ய வேண்டுமா என்பதுதான் இன்றைய பேச்சு. பயந்துவிடாதீர்கள், மறைக்கல்வி வகுப்பு இல்லை. ஒரு விவசாயியின் கதை. எங்கே பேசக் கூப்பிட்டாலும் இவரையே இழுத்துக்கொண்டு வருகிறேன் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

ஆஸ்திரியாவில் ஜெர்மன் எல்லையை ஒட்டி சாங்க்ட் ராடெகுண்ட் என்று ஒரு சின்ன ஊர். ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் அங்கே 1907-ல் பிறந்தவர். இளவயதில் சாது ஒன்றும் இல்லை. ஊரிலேயே முதல் மோட்டார் சைக்கிள் அவருடையது, கல்யாணத்துக்கு முன்பே ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். 1936-ல் ஃப்ரான்ஸிஸ்காவைக் கட்டினார், அப்புறம் மூன்று பெண்கள்.

1938 ஜனவரியில் ஒரு ராத்திரி அவருக்குக் கனவு. அழகான ரயில் ஒன்று மலையைச் சுற்றி வருகிறது. பெரியவர்கள் ஏறுகிறார்கள், குழந்தைகள் ஓடி ஓடி ஏறுகிறார்கள், யாராலும் தடுக்க முடியவில்லை. திடீரென்று ஒரு குரல், இந்த ரயில் நரகத்துக்குப் போகிறது என்று. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்களே, வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள், அந்த அவசரத்தில் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஊர்ப்பெயரை யார் படிக்கிறார்கள்? கூட்டம் ஏறுகிறது, நாமும் ஏறுகிறோம். எனக்கு அந்தக் கனவு அப்படித்தான் தோன்றும். அந்த ரயில் ஹிட்லரின் நாஜிக் கட்சிதான் என்று அவர் பிற்பாடு எழுதிவைத்தார்.

அதே வருஷம் ஏப்ரல் 10, ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு சேர்த்ததற்கு வாக்கெடுப்பு. ஊரில் வேண்டாம் என்று போட்டது இவர் ஒருவர்தான். மேலே போன கணக்கிலோ நூற்றுக்கு நூறு!

ஒன்றைக் கவனியுங்கள், இவர் ராணுவமே கூடாது என்ற கட்சி இல்லை. 1940-ல் கூப்பிட்டபோது போய்ப் பயிற்சி எடுத்தார், உறுதிமொழியும் எடுத்தார். 1941-ல் வீடு திரும்பி ஊர்க் கோயிலில் கோவிற்பிள்ளை, அதாவது பூசைக்கு வேண்டியதைத் தயார் செய்து கோயிலைக் கவனித்துக்கொள்பவர், ஆன பிறகுதான், இனி கூப்பிட்டால் போக மாட்டேன் என்றார். பங்குச்சாமியார்கள், சொந்தக்காரர்கள், கடைசியில் அந்தப் பகுதிக்குத் தலைமைக் குருவான லின்ஸ் நகர ஆயர், எல்லோரும் சொன்னது ஒன்றே: பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துப் பார். அதிகாரத்துக்குப் பணியுங்கள் என்று உரோமையருக்குப் பவுல் எழுதியது இருக்கவே இருக்கிறது. ஆனால் மனிதருக்குப் பணிவதைவிடக் கடவுளுக்குப் பணிய வேண்டும் என்று பேதுரு சொன்னதும் அதே பைபிளில்தானே இருக்கிறது.

படைவீரர்கள் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது பைபிளில் வரும் திருமுழுக்கு யோவான் வேலையை விடச் சொல்லவில்லை, மிரட்டிப் பணம் பறிக்காதே, கூலி போதும் என்று இரு என்றார். இன்றைய அல்ஜீரியாவில் 295-ல் மாக்ஸிமிலியன் என்ற 21 வயது இளைஞர் படையில் சேர மாட்டேன் என்று சொல்லித் தலையைக் கொடுத்தார். ஆக, இரண்டு வழியும் ஆதியிலிருந்தே உண்டு. திரும்பவும் சொல்கிறேன், ஃப்ரான்ஸ் மறுத்தது ஹிட்லரின் இந்தப் போரை. மருத்துவ உதவியாளனாக வருகிறேன் என்று கூடக் கேட்டுப் பார்த்தார், அதிகாரிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1943 மார்ச் 1, என்ஸ் ராணுவ முகாமில் மறுத்தார். ஜூலை 6 மரண தண்டனை. ஆகஸ்ட் 9 பிராண்டன்பர்க் சிறையில் தலை துண்டிக்கப்பட்டது. வயது 36.

என் மனசு எப்போதும் ஃப்ரான்ஸிஸ்காவிடம்தான் போகும். முதலில் அவரும் வேண்டாம் என்று கெஞ்சியவர்தான். அப்புறம், நானும் கைவிட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்றுவிட்டார். வயலையும் பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொண்டதோடு, ஊர்ப்பேச்சையும் தாங்க வேண்டியிருந்தது. போர் முடிந்த பிறகும் விதவை ஓய்வூதியம் கிடைக்க 1950 வரை ஆயிற்று.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டே நிமிஷம்தான் பாக்கி என்று. ஆயுதமே எடுக்கக் கூடாது என்ற கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள், மெனோனைட்டுகள், அப்புறம் 1916-ல் பிரிட்டன் போட்ட கட்டாய ராணுவச் சட்டம் எல்லாம் கையில் குறிப்பாகவே நிற்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1965-ல், உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய வத்திக்கான் சங்கத்துக்கு இந்த விவசாயியின் பேரைக் கொண்டுபோனவர்களில் தாமஸ் ராபர்ட்ஸ் ஒருவர், நம் பம்பாயில் பேராயராக இருந்தவர். மனசாட்சிப்படி ஆயுதம் எடுக்க மறுப்பவர்களுக்குச் சட்டத்தில் இடம் வேண்டும் என்று அந்தச் சங்கத்தின் ஏட்டிலும் வந்தது. 2007 அக்டோபர் 26, லின்ஸ் பேராலயத்தில் ஃப்ரான்ஸை அருளாளர், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தின படி, என்று அறிவித்தபோது ஃப்ரான்ஸிஸ்காவும் அங்கே இருந்தார், 94 வயதில். நன்றி, வணக்கம்.